தமிழ்வழியில் படித்த செவிலியருக்கு ஆங்கில இலக்கணம்: எந்தப் பிழையை முதலில் திருத்துவது?

மாலைநேர ஆசிரியை எழுதியது:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பிறகு ஜி.என்.எம். என்னும் செவிலியர் பட்டயம் பெற்று, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் செவிலிப் பெண் ஒருவருக்கு மாலை நேரங்களில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பிரிட்டனில் வேலைக்குச் செல்வதற்காக மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யை அவர் எழுதப்போகிறார். கேட்டல், வாசித்தல் இரண்டும் அவருக்குப் பெரிய இடராக இல்லை. பேச்சும் தட்டுத்தடுமாறியாவது வந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து எழுதச் சொல்லும் ரெஃபரல் கடிதம்தான், அதாவது நோயாளியை அடுத்துக் கவனிக்கப்போகிறவருக்கு எழுதும் கடிதம்தான், கையைக் கட்டிப்போடுகிறது.

அவர் எழுதும் வாக்கியங்கள் பெரும்பாலும் இப்படி இருக்கின்றன: “பேஷன்ட் ஹேட் அட்மிட்டட் ஆன் மண்டே”, “ஷி இஸ் ஹேவிங் டயபெட்டிஸ் சின்ஸ் டென் இயர்ஸ்”, “டாக்டர் சீன் ஹர் அண்ட் கேவ் இன்ஜெக்ஷன்”. ஒரு பக்கக் கடிதத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் ஏதேனும் ஒன்று திருத்தத்துக்கு உரியதாக இருக்கிறது. பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட டென்ஸ் அட்டவணையை அவர் மனப்பாடமாக ஒப்பிக்கிறார். பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்றால் என்ன என்று கேட்டால் விதியைப் பிசகாமல் சொல்கிறார். ஆனால் அடுத்த நிமிடம் எழுதும் வாக்கியத்தில் அந்த விதி இருப்பதில்லை. எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்திக் கொடுக்கும் நாள்களில் அடுத்த கடிதம் பிழை குறைந்து வருகிறது என்பது உண்மை. ஆனால் வாக்கியங்கள் ஐந்தாறு சொற்களுக்குச் சுருங்கிவிடுவதால்தான் பிழைகளும் குறைகின்றன என்பதையும் கவனிக்கிறேன்.

எந்தப் பிழையை முதலில் எடுப்பது, எதைத் தற்போதைக்கு விட்டுவைப்பது, விதி தெரிந்தும் கைக்கு வராத நிலையில் என்ன செய்வது என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் எழுதியது:

அம்மா, தங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். எதையும் விட்டுவைக்கக் கூடாது. இன்று திருத்தப்படாத பிழை நாளை பழக்கமாகிவிடும். பழக்கமான பிழையை எடுப்பது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். மேலும் ரெஃபரல் கடிதம் என்பது பள்ளிக் கட்டுரை அன்று. நோயாளி எப்போது சேர்க்கப்பட்டார், மருந்து கொடுக்கப்பட்டுவிட்டதா இல்லையா என்பது வினைமுற்றில்தான் இருக்கிறது. அங்கே ஏற்படும் குழப்பம் ஓர் உயிரைப் பாதிக்கக் கூடியது.

தங்கள் மாணவிக்கு விதி தெரிந்திருப்பது நல்ல செய்தி. இனி அவருக்குத் தேவை பயிற்சி மட்டுமே. ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அதே அமைப்பில் பல வாக்கியங்களை எழுதச் செய்யுங்கள். நோயாளி, மருந்து, நாள் மட்டும் மாறட்டும், அமைப்பு மாறக் கூடாது. திருத்திய கடிதத்தைப் பார்த்துவிட்டு மூடிவைக்க விடாமல், முழுவதையும் மறுபடி எழுதி வாங்குங்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இதைச் செய்ய எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. தங்களிடம் இருப்பது ஒரே மாணவி. அந்த வசதியை வீணாக்க வேண்டாம்.

மொழியியல் படித்தவன் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்லும் மறு எழுத்துப் பயிற்சியை நானும் ஏற்கிறேன். ஆனால் “எதையும் விட்டுவைக்கக் கூடாது” என்பதில் உடன்பட இயலவில்லை. பிழைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை என்றால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1967-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். களைப்பாலோ அவசரத்தாலோ நேரும் தவறுதல் ஒன்று. கற்பவரின் மனத்தில் அந்தக் கட்டத்தில் இருக்கும் இலக்கணமே தோற்றுவிக்கும் பிழை மற்றொன்று. முன்னதைக் கற்பவரே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வார். பின்னது அவர் கண்ணுக்குப் பிழையாகவே தெரியாது. எனவே முதல் வேலையாக, திருத்தாத கடிதத்தை மறுநாள் அவரிடமே கொடுத்து, பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அவரே பிடித்தவற்றைக் கற்பிக்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் சரிபார்க்கும் பழக்கம் மட்டுமே அவற்றுக்குத் தேவை. எஞ்சியிருப்பவைதான் உங்கள் பாடத்திட்டம்.

எஞ்சியவற்றில் பலவற்றின் வேர் தமிழில் இருக்கிறது. லாரி செலிங்கர் 1972-இல் இடைமொழி என்ற கருத்தை முன்வைத்தபோது, கற்பவர் பேசுவது குறைபட்ட ஆங்கிலம் அன்று, தனக்கென ஒழுங்குள்ள ஓர் இடைநிலை அமைப்பு என்றார். தாய்மொழியிலிருந்து கொண்டுவரும் வழக்கங்கள் அந்த அமைப்பை உருவாக்கும் காரணங்களுள் ஒன்று. நீங்கள் கொடுத்திருக்கும் வாக்கியங்களையே எடுத்துக்கொள்வோம்.

“பேஷன்ட் ஹேட் அட்மிட்டட்” என்பதில் இரண்டு பிழைகள் பின்னிக்கிடக்கின்றன. வார்டில் நாம் எப்படிப் பேசுகிறோம்? “பேஷன்ட் திங்கட்கிழமை அட்மிட் ஆகியிருந்தார்.” அந்த “ஆகு” ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையாக வரவேண்டியது. தமிழ்ப் பேச்சு இதைத் துல்லியமாகவே பிரித்துவைத்திருக்கிறது: மருத்துவர் “அட்மிட் பண்ணினார்”, நோயாளி “அட்மிட் ஆனார்”. எனவே “பண்ணினார்கள் என்றும் சொல்ல முடிகிற இடத்தில் நீங்கள் ஆனார் என்று சொன்னால், ஆங்கிலத்தில் வாஸ் போடுங்கள்” என்று சொன்னாலே போதும். அட்மிட், டிஸ்சார்ஜ், டிரான்ஸ்ஃபர் மூன்றும் இதில் அடங்கிவிடும். “ரெக்கவர் ஆனார்” அடங்காது, ஏனெனில் நோயாளியை யாரும் “ரெக்கவர் பண்ணினார்கள்” என்று நாம் சொல்வதில்லை. ஆகவே அது “ரெக்கவர்ட்” என்றே நிற்கும். செயப்பாட்டுவினை என்று பெயர் சொல்லி, செயப்படுபொருளை முன்னால் கொண்டுவந்து, “பை” சேர்த்து என்று விளக்கும் நேரத்தில் இதை அவர் பழகியே முடித்துவிடுவார்.

இரண்டாவது, “ஹேட்”. தமிழில் “போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்” என்று தனித்துச் சொல்லலாம். அதற்கு முன்பின்னாக வேறொரு நிகழ்ச்சி தேவையில்லை. ஆங்கிலத்தில் “ஹேட்” வரவேண்டுமானால், கடந்த காலத்திலேயே மற்றொரு நிகழ்ச்சி வாக்கியத்திலோ சூழலிலோ இருந்து, இது அதற்கு முந்தியது என்று காட்ட வேண்டும். நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் “ஹேட்” மிகுந்து கிடப்பதற்கு “இருந்தேன்” என்ற இந்தத் துணைவினையே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. “ஹேட் எழுதினால், அதே வாக்கியத்தில் எதற்கு முன்பு என்பதையும் எழுது, எழுத முடியாவிட்டால் ஹேட்டை அடித்துவிடு” என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள்.

“சின்ஸ் டென் இயர்ஸ்” என்பதில் தமிழ் நமக்கு இடைஞ்சல் செய்யவில்லை, உதவத் தயாராக இருக்கிறது. 2015-இலிருந்து என்கிறோம், பத்து வருடமாக என்கிறோம். “இலிருந்து” வருமிடத்தில் சின்ஸ், “ஆக” வருமிடத்தில் ஃபார். இந்த வேறுபாட்டை அவர் குழந்தைப் பருவத்திலிருந்தே பிழையின்றிக் கையாண்டு வருகிறார். தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துச் சொல்லும் “திங்கள் முதல் வெள்ளி வரை” போன்றவற்றுக்கு மட்டும் ஃப்ரம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். வினைமுற்றுதான் தமிழோடு ஒத்துப்போகாது: பத்து வருடமாக “இருக்கிறது” என்று நாம் நிகழ்காலத்தில் நிறுத்துகிறோம், ஆங்கிலம் “ஹேஸ் ஹேட்” கேட்கிறது.

இவற்றோடு ஒப்பிட்டால், படர்க்கை ஒருமையில் வினையோடு சேரும் எஸ் விடுபடுவதைத் தற்போதைக்கு விட்டுவைக்கலாம். வருகிறான், வருகிறாள், வருகிறது என்று வினையிலேயே திணையும் பாலும் காட்டும் மொழியைப் பேசுபவருக்கு அந்தக் கருத்து புதிதன்று. ஆனாலும் எந்தத் தாய்மொழியிலிருந்து வருபவருக்கும் அது காலம் தாழ்ந்தே கைகூடுகிறது என்பதை 1970-களில் டூலே, பர்ட் ஆகியோர் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. அது சரிபார்க்கும்போது பார்க்க வேண்டியது, வகுப்பெடுக்க வேண்டியது அன்று.

லீட்ஸ் செவிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இதே தேர்வை எழுதி பிரிட்டனின் லீட்ஸ் நகருக்கு வந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில், அந்தச் சகோதரியின் அச்சத்தைச் சற்றுத் தணிக்கலாம். பிரிட்டனின் செவிலியர் மன்றமான என்.எம்.சி., ஓ.இ.டி.யில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றுக்கும் பி தரம் கேட்டாலும், எழுத்துக்கு சி பிளஸ் இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. மற்றோர் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். வழியாகச் சென்றாலும் மற்றவற்றுக்கு 7, எழுத்துக்கு 6.5 தான்.

அடுத்து, ஓ.இ.டி. கடிதத்துக்கு ஆறு அளவுகோல்கள் உண்டு. கடிதத்தின் நோக்கம் தெளிவாகத் தெரிகிறதா என்பதற்கு 3 மதிப்பெண் வரை. பொருளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, ஒழுங்கமைப்பு, மொழி ஆகிய ஐந்துக்கும் தலா 7 வரை. இலக்கணம் என்பது அந்தக் கடைசி ஒன்றுக்குள் அடங்கியது. ஆனால் இலக்கணம் தடுமாறினால் தெளிவும் போய்விடும் என்பதால், எந்த இலக்கணம் என்பதைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். டென்ஸ் பன்னிரண்டும் இந்தக் கடிதத்தில் வருவதில்லை. ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸை யாரும் ஒரு ரெஃபரல் கடிதத்தில் எழுதி நான் பார்த்ததில்லை.

கடிதத்தைக் காலத்தால் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். நோயாளிக்கு முன்பிருந்தே இருக்கும் நோய்களும் அன்றாட மருந்துகளும் முதல் பகுதி. அங்கே “ஷி ஹேஸ் ஹைப்பர்டென்ஷன்”, “ஷி டேக்ஸ் மெட்ஃபார்மின்”, “ஷி ஹேஸ் ஹேட் டயபெட்டிஸ் ஃபார் டென் இயர்ஸ்” என்பவைதான் வரும். இம்முறை மருத்துவமனையில் இருந்தபோது நடந்தவை இரண்டாம் பகுதி. நாள் குறிப்பிடப்பட்ட எல்லாமே சிம்பிள் பாஸ்ட்: “வாஸ் அட்மிட்டட் ஆன்”, “அண்டர்வென்ட்”, “வாஸ் கமென்ஸ்ட் ஆன்”. இப்போதைய நிலையும் நாம் கேட்கும் உதவியும் மூன்றாம் பகுதி: “ஷி இஸ் நவ் ஸ்டேபிள்”, “இட் வுட் பி அப்ரிஷியேட்டட் இஃப் யூ குட் மானிட்டர்”. கேஸ் குறிப்புகளை வாசிக்கும்போதே ஓரத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்டுவிட்டால், எழுதும்போது எந்தக் காலம் என்று யோசிக்க வேண்டியதில்லை. மொத்தம் 45 நிமிடம்; அதில் முதல் 5 நிமிடம் வாசிக்க மட்டுமே, எழுத அனுமதி இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் எண்ணை மனத்தளவில் குறித்து, பேனா பிடித்தவுடன் தாளில் போட்டுவிடலாம்.

கடிதத்தின் உடற்பகுதி 180 முதல் 200 சொற்கள்தான் என்பதால், ஆசிரியை அவர்கள் அஞ்சுவதுபோல் வாக்கியங்கள் ஓரளவு சுருங்குவது குறையாகாது. ஆனால் எல்லாமே ஐந்து சொல் வாக்கியமானால் குறிப்புகளை அப்படியே எடுத்துவைத்ததுபோல் ஆகிவிடும். “ஹூ” என்று ஒரு கிளைவாக்கியம், “ஆஃப்டர்”, “டியூ டு” ஆகிய இணைப்புகள் இருந்தாலே நடை தேறிவிடும்.

ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் எழுதியது:

செவிலிச் சகோதரி சொன்ன மூன்று பகுதிப் பிரிவு மிகவும் பயனுள்ளது; பள்ளியிலும் இதைக் கையாளலாம். மொழியியல் நண்பரிடம் மட்டும் ஒன்று கேட்க வேண்டும். “இலிருந்து வந்தால் சின்ஸ்” என்று பழக்கினால், மாணவி ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் யோசித்துப் பிறகு மாற்ற மாட்டாரா? ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே சிந்திக்க வேண்டும் என்பது எங்கள் தலைமுறையில் எல்லாப் பயிற்சிகளிலும் வலியுறுத்தப்பட்டது. 45 நிமிடத்தில் இரண்டு மொழிகளில் சிந்திக்க அவருக்கு நேரம் எங்கே இருக்கும்?

மொழியியல் படித்தவன் எழுதியது:

ஐயா, நியாயமான கேள்வி. நான் சொல்வது எழுதும்போது தமிழைக் கொண்டுவருவதற்காக அன்று. எழுதி முடித்துச் சரிபார்க்கும்போது ஐயம் எழும் இடத்தில் மட்டும் தமிழைக் கேட்டுப் பார்ப்பதற்காக. மேலும், தமிழில் சிந்திக்காதே என்று சொல்வதால் அவர் சிந்திக்காமல் இருக்கப்போவதில்லை. “ஹேட் அட்மிட்டட்” என்பதே தமிழில் சிந்தித்ததன் விளைவுதான். அவருக்குத் தெரியாமல் நடப்பதை அவருக்குத் தெரியும்படி நடத்துவோம் என்பதே என் வாதம்.

திருத்துவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கே ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. ஜான் டிரஸ்காட் 1996-இல் எழுதிய கட்டுரையில், இரண்டாம் மொழி எழுத்து வகுப்புகளில் இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்று வாதிட்டார். திருத்தம் பயனளிப்பதில்லை, மாணவர் எளிய வாக்கியங்களுக்குள் ஒதுங்கிக்கொள்ளத் தூண்டுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. ஆசிரியை அவர்கள் கவனித்ததும் இதைத்தானே. 1999-இல் டானா ஃபெரிஸ் அதற்கு மறுப்பு எழுதினார். அவர் பிழைகளை இருவகையாக்கினார்: காலம், எழுவாய் வினை இயைபு, ஆர்ட்டிகிள் (எ, ஆன், தி) போன்று விதி காட்டித் திருத்தக் கூடியவை ஒருவகை, சொல்தேர்வு, வாக்கியம் இயல்பாக ஒலிப்பது போன்று விதிக்குள் அடங்காதவை மற்றொரு வகை. முதல் வகைக்கு இடத்தை மட்டும் குறித்துக் கொடுத்துத் திருத்தத்தை மாணவரிடம் விடலாம்; இரண்டாவதற்குச் சரியான வடிவத்தை நாமே எழுதிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. நடைமுறையில் எனக்கு ஃபெரிஸ்தான் உதவியிருக்கிறார். டிரஸ்காட்டின் எச்சரிக்கையையும் மறக்கத் தேவையில்லை.

மறுமுனையில், திருத்தாமலே விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ரிச்சர்ட் ஷ்மிட் 1983-இல் எழுதிய வெஸ் என்ற ஜப்பானிய ஓவியரின் கதையைச் சொல்லலாம். வெஸ் என்பது ஆய்வுக்காக இடப்பட்ட பெயர். ஹவாயில் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு நடுவே வாழ்ந்து, எவரோடும் கூச்சமின்றி உரையாடப் பழகிவிட்டார். அவரோடு பேசியவர்களுக்கு அவர் ஆங்கிலம் பிடித்தும் இருந்தது. ஆனால் மூன்று ஆண்டுக் கண்காணிப்பில் அவருடைய இலக்கணம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. புழக்கம் மட்டுமே இலக்கணத்தைக் கொடுத்துவிடாது, வடிவத்தின் மீது கவனம் விழ வேண்டும் என்ற முடிவுக்கு ஷ்மிட் பின்னாளில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பக்கத்து முயற்சி ஒன்றும் உண்டு. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம். சென்னைப் பள்ளிகளும் அதில் இருந்தன. இலக்கணப் பாடத்திட்டமே இல்லாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடுவதுபோல் மாணவர்களை விடை காணச் செய்தார்கள். கருத்தில் மனம் தோய்ந்திருக்கும்போதுதான் மொழியமைப்பு உள்ளே இறங்குகிறது என்பது பிரபுவின் நிலைப்பாடு. அதை முழுவதும் ஏற்காதவர்களும் அந்தப் பயிற்சி வகையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கக் கேஸ் குறிப்பைக் கொடுத்து, “வீட்டுக்கு வரப்போகும் செவிலிக்கு இதில் எவை தேவையில்லை” என்று ஆங்கிலத்திலேயே வாதிடச் சொல்லுங்கள். ஓ.இ.டி. கேட்பதும் அதுதான்.

கோவை வாசகர் எழுதியது:

பேச்சுப் பயிற்சியில் எப்படித் திருத்துவது என்பதையும் யாராவது சொன்னால் நன்று. என் மகளின் ஆன்லைன் வகுப்பில், அவள் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அவளுக்கு அது திருத்தம் என்றே தெரிவதில்லை.

மொழியியல் படித்தவன் எழுதியது:

நீங்கள் கவனித்ததைக் கனடாவின் பிரெஞ்சுவழி வகுப்புகளில் லைஸ்டரும் ராண்டாவும் 1997-இல் ஆய்ந்து எழுதினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படித் திருப்பிச் சொல்லும் வகைதான். மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். “என்ன சொன்னாய்?” என்று நிறுத்துவது, பிழைக்கு முந்திய சொல் வரை சொல்லிவிட்டுக் காத்திருப்பது போன்றவற்றில் மாணவரே திருத்திச் சொல்ல வேண்டிய கட்டாயம் வருகிறது. ஆசிரியரிடம் அப்படிச் சற்று நிறுத்தும்படி கேட்டுப் பாருங்கள்.

மாலைநேர ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பென்சில் முறையைச் செய்து பார்த்தோம். ஒருமை பன்மை, ஸ்பெல்லிங், வினையோடு எஸ் விடுபடுதல் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றை அவரே வட்டமிட்டார். ஹேட், சின்ஸ், ஆர்ட்டிகிள் மூன்றையும் தொடவே இல்லை. “ஆனார் என்றால் வாஸ்” என்பது அன்றே பிடித்துவிட்டது. பேச்சிலும் “ஷி வாஸ் டிஸ்சார்ஜ்ட்” என்று வரத் தொடங்கியிருக்கிறது. ஓரத்தில் 1, 2, 3 எண்ணிடுவதும் கைகொடுக்கிறது.

இப்போது மலைபோல் நிற்பது ஆர்ட்டிகிள். தமிழில் “தி” இல்லை என்பதால் வந்த வினை என்று விட்டுவிடுவதா? இரண்டாம் வேற்றுமை உருபை வைத்து நானே ஒரு வழி முயன்றேன். “மாத்திரை கொடுத்தேன்” என்றால் ஏதோ மாத்திரை. “மாத்திரையைக் கொடுத்தேன்” என்றால் இருவருக்கும் தெரிந்த மாத்திரை. “ஐ” வந்தால் “தி” என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே “நோயாளியைப் பார்த்தேன்” வந்து நின்றது. உயர்திணைக்கு “ஒரு நோயாளியைப் பார்த்தேன்” என்றாலும் “ஐ” வேண்டுமே. எழுவாயாக வரும் பெயருக்கோ உருபே கிடையாது. இதற்கு மேல் எப்படிக் கொண்டுசெல்வது?

இன்னொன்று: “ஐ டோன்ட் நோ வென் வில் ஷி கம்” என்பதுபோல், வாக்கியத்துக்குள் வரும் கேள்வியை அவர் எப்போதும் திருப்பிப் போட்டே எழுதுகிறார்.

மொழியியல் படித்தவன் எழுதியது:

உங்கள் “ஐ” உருபு வழி அருமையானது. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும் இடங்களுக்கு அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ரெஃபரல் கடிதத்தில் மருந்து, கட்டு, அறிக்கை, தையல் என்று அந்த இடங்கள் குறைவில்லை. மற்ற இடங்களுக்கு “எந்த?” என்று கேட்கும் முறை உதவும்.

கடிதத்தை வாசிக்கப்போகும் செவிலி எதிரில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நிறுத்தி, “இந்த இடத்தில் அவர் எந்த என்று கேட்பாரா?” என்று பார்க்க வேண்டும். முன்பே சொல்லிவிட்டதாலோ, அங்கே ஒன்றுதான் இருக்க முடியும் என்பதாலோ, அவர் கேட்கத் தேவையில்லை என்றால் “தி”. எது என்று அவருக்கு இன்னும் தெரியாது, எண்ணக்கூடிய ஒன்று என்றால் “எ” அல்லது “ஆன்”. “ஆன் எல்டர்லி உமன் வாஸ் பிராட் இன்” என்னும்போது எந்தப் பெண் என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. அடுத்த வரியில் “தி பேஷன்ட்” ஆகிவிடுகிறார். “அந்த” சேர்த்துப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். “டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார்” என்பதில் ஆங்கிலத்துக்கு “தி” வேண்டும், ஆனால் தமிழில் “அந்த டாக்டர்” என்றால் பொருளே வேறாகிவிடும்.

“எந்த” என்ற கேள்வியே எழாத பெயர்கள் மூன்றாவது வகை. நோய்ப் பெயர்களில் பெரும்பாலானவை இதில் சேரும்: டயபெட்டிஸ், ஹைப்பர்டென்ஷன், ஆஸ்துமா, நிமோனியா, அனீமியா ஆகியவற்றுக்கு முன் எதுவும் வராது. ஆனால் “எ ஸ்ட்ரோக்”, “எ ஹார்ட் அட்டாக்”, “எ ஹெடேக்”, “எ காஃப்” என்று வரும். நிகழ்ச்சிபோல் வந்து போவதற்கு “எ”, உடலில் நிலைத்த நிலைமைக்கு ஒன்றுமில்லை என்று ஓரளவு சொல்லலாம். நிமோனியா போன்றவை இந்த விளக்கத்துக்கும் கட்டுப்படாது என்பதால், ஒரு பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவதே மேல். எல்லாவற்றுக்கும் காரணம் தேடினால் தேர்வு முடிந்துவிடும்.

லீட்ஸ் செவிலி எழுதியது:

இதோடு உடலுறுப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “இடது காலில் வலி” என்று நாம் யாருடைய கால் என்று சொல்லாமலே விடுகிறோம். ஆங்கிலக் கடிதத்தில் “பெயின் இன் ஹர் லெஃப்ட் லெக்” என்று உடைமையோடு எழுதுவது இயல்பு. நோயாளி சொல்லும் தொந்தரவுக்கு “கம்ப்ளெயின்ட் ஆஃப்” என்றே எழுதச் சொல்லுங்கள். “அபௌட்” போட்டால் மருத்துவமனை மீது புகார் கொடுத்ததுபோல் ஒலிக்கும். இன்னொன்று, இங்கே நோயாளியாக உள்ளே இருப்பவரைப் பற்றி “இன் ஹாஸ்பிட்டல்” என்று “தி” இல்லாமலே எழுதுவார்கள். தேர்வில் “தி” போட்டாலும் மதிப்பெண் குறையாது, வேலைக்கு வந்த பிறகு திகைக்காமல் இருக்கவே சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் எழுதியது:

வாக்கியத்துக்குள் வரும் கேள்விக்கு என் முறையைச் சொல்கிறேன். இதற்கு விளக்கம் குறைவாகவும் பயிற்சி மிகுதியாகவும் வேண்டும். நேர்க்கேள்வி ஒன்றை முதலில் எழுதச் சொல்லுங்கள்: “வென் வில் ஷி கம்?” அதற்கான விடையை அதன் கீழே எழுதச் சொல்லுங்கள்: “ஷி வில் கம் ஆன் ஃப்ரைடே.” இப்போது விடையிலிருந்து “ஆன் ஃப்ரைடே”யை அடித்துவிட்டு, எஞ்சிய “ஷி வில் கம்” என்பதை அப்படியே “ஐ டோன்ட் நோ வென்” என்பதன் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே வருவது கேள்வியின் வரிசை அன்று, விடையின் வரிசை என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார்.

“டூ”, “டிட்” வரும் கேள்விகளை இரண்டாம் நாள் எடுங்கள். “வேர் டஸ் ஷி லிவ்?” என்பதற்கு விடை “ஷி லிவ்ஸ் இன் ஸ்ரீரங்கம்”, எனவே “ப்ளீஸ் ஃபைண்ட் அவுட் வேர் ஷி லிவ்ஸ்.” இங்கே “டஸ்” மறைந்து, அதிலிருந்த எஸ் வினைக்கே திரும்பி வருகிறது. நண்பர் தற்போதைக்கு விட்டுவைக்கலாம் என்ற அதே எஸ்தான் இது. அதற்காக அவர் என்மீது வருத்தப்பட மாட்டார் என்று நம்புகிறேன். கடைசியாக “வெதர்” வரும் வாக்கியங்களை எடுத்துக்கொள்ளலாம். “ப்ளீஸ் செக் வெதர் ஷி இஸ் டேக்கிங் ஹர் மெடிசின்ஸ்” என்பது அவர் ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் எழுதக்கூடிய வாக்கியம் என்பதால், அதை மட்டும் வெவ்வேறு வேண்டுகோள்களோடு தினமும் எழுதி வாங்குங்கள்.